‘செக்’ என்றொரு சொல்

(குறுவள மைய ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மதிய உணவுக்குப் பிறகு பேச அழைக்கப்படுகிறவருக்கு ஒரு சங்கடம் உண்டு. அவர் பாடம் நடத்தினால் சபை தூங்கிவிடும். ஆகவே இன்று நான் இலக்கண விதி எதையும் கொண்டுவரவில்லை. நாம் எல்லோரும் தினமும் பத்து முறையாவது சொல்லுகிற ஒரே ஓர் ஆங்கிலச் சொல்லைக் கொண்டுவந்திருக்கிறேன். அந்தச் சொல் ‘செக்’.

ஒரு சாதாரண நாளை எண்ணிப் பாருங்கள். காலையில் வண்டியை எடுக்கும்முன் டயரில் காற்று இருக்கிறதா என்று செக் செய்கிறோம். போகிற வழியில் ஒரு செக்போஸ்ட். ஊர் எல்லையில் ஓடையின் குறுக்கே ஒரு செக் டேம். பள்ளிக்குள் நுழைந்தால் கட்டம் போட்ட சட்டை அணிந்த பிள்ளைகள். துணிக்கடைக்காரர் மொழியில் அது செக்டு சட்டை. இடைவேளையில் மரத்தடியில் செஸ் ஆடுகிற பையன் உரக்கச் சொல்கிறான்: ‘செக்!’ மதியம் வங்கியில் செக் போட வேண்டும். மாலையில் அப்பாவை மருத்துவமனைக்குச் செக்கப்புக்கு அழைத்துப்போக வேண்டும். வீட்டுக்கு வந்து நாளிதழைப் பிரித்தால் அரசியல் செய்தியின் தலைப்பு: ‘எதிரணிக்குச் செக்!’ இரவு உட்கார்ந்து நாற்பது நோட்டுகளைச் செக் செய்கிறோம்.

காற்று, சாவடி, அணை, சட்டை, விளையாட்டு, பணம், உடம்பு, அரசியல், நோட்டு. இத்தனைக்கும் ஒரே ஒலி. ஒருமுறை ஏழாம் வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்: “டீச்சர், செக்போஸ்ட்ல செக்கை வாங்கிக்கிட்டுத்தான் வண்டியை விடுவாங்களா?” வகுப்பே சிரித்தது. ஆனால் அந்தக் கேள்வி சிரிப்புக்கு உரியது அல்ல. ஒரே ஒலி இரண்டு இடத்தில் வந்தால் இரண்டுக்கும் ஏதோ தொடர்பு இருக்க வேண்டும் என்று அந்தப் பெண்ணின் மூளை தேடியது. மொழி கற்கிற மூளை செய்ய வேண்டிய வேலையே அதுதான்.

நாம் இப்படிப்பட்ட சொல்லை வகுப்பில் எப்படிக் கையாளுகிறோம்? கரும்பலகையின் இடப்பக்கம் சொல்லை எழுதுகிறோம். வலப்பக்கம் பொருள்: சரிபார், தடு, காசோலை, கட்டம். ‘நாலு மீனிங்கையும் எழுதிப் படிச்சுட்டு வாங்க’ என்கிறோம். பிள்ளைக்கு அது நான்கு தனித்தனிக் கற்கள். ஒன்றின்மேல் ஒன்று அடுக்க வழியில்லாத கற்கள். தேர்வு முடிந்ததும் உதிர்ந்துவிடும். ஆங்கிலம் என்றால் காரணமில்லாமல் மனப்பாடம் செய்ய வேண்டிய ஒன்று என்ற எண்ணம் மட்டும் மிஞ்சும்.

இதே பிள்ளை தமிழில் என்ன செய்கிறது? ‘சொன்னபடி கேட்டு, படியில் உட்கார்ந்து படி’ என்று சொல்லுங்கள். மூன்று ‘படி’. ஒன்றிலும் தடுமாறாது. பாட்டி அரிசி அளக்கும் படியும் அதற்குத் தெரியும். நமக்கு வரும் பயணப்படியும் இன்னும் கொஞ்ச நாளில் தெரிந்துவிடும். பல பொருள் ஒருமொழி என்பது நம் பிள்ளைகளுக்குப் புதிதல்ல. சொல் எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்த்துப் பொருள் கொள்ளும் திறமை அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அந்தத் திறமையை ஆங்கில வகுப்பின் வாசலில் கழற்றி வைக்கச் சொல்வது நாம்தான்.

‘செக்’ என்ற சொல்லுக்கு இருக்கும் பொருள்கள் தனித்தனிக் கற்கள் அல்ல. அவை ஒரு குடும்பம். அந்தக் குடும்பத்தின் மூத்தவர் ஓர் அரசர். அவரைத் தெரிந்துகொண்டால் மற்ற எல்லோரையும் அடையாளம் கண்டுவிடலாம்.

கதை நம் நாட்டிலிருந்து தொடங்குகிறது. ஏறத்தாழ 6ஆம் நூற்றாண்டு வாக்கில் வட இந்தியாவில் ஒரு விளையாட்டு ஆடப்பட்டது. பெயர் சதுரங்கம். நான்கு உறுப்புகள் என்று பொருள். தேர், யானை, குதிரை, காலாள் என்று நாம் அடுக்கிச் சொல்லும் நால்வகைப் படைதான் அந்த நான்கு உறுப்புகள். இந்த விளையாட்டு மேற்கே பாரசீகத்துக்கு, அதாவது இன்றைய ஈரானுக்குப் போனது. அங்கே அதன் பெயர் ‘சத்ரங்’ என்று ஆனது. 7ஆம் நூற்றாண்டில் அரபியர் பாரசீகத்தைக் கைப்பற்றியபோது விளையாட்டையும் எடுத்துக்கொண்டார்கள். பாரசீகச் சொல்லின் முதலிலும் முடிவிலும் இருந்த ஒலிகள் அரபு மொழியில் இல்லை. ஆகவே அவர்கள் வாயில் அது ‘ஷத்ரஞ்ச்’ ஆயிற்று. ஸ்கூல் நம் ஊர் வாயில் இஸ்கூல் ஆவதைப் போல.

விளையாட்டின் பெயர் இந்தியாவிலிருந்து போனது. ஆனால் நம் ‘செக்’ அந்தப் பெயரிலிருந்து வந்தது அல்ல. பாரசீகர்கள் அந்த விளையாட்டை ஆடும்போது எழுப்பிய குரலிலிருந்து வந்தது. எதிராளியின் அரசனைத் தாக்கும் நிலை வந்தால், எச்சரிக்கையாக, ‘ஷா’ என்று சொல்வார்கள். ஷா என்றால் பாரசீகத்தில் அரசன். ‘உன் அரசனைப் பார்த்துக்கொள்’ என்பதுதான் அந்தக் குரலின் பொருள். ஈரான் மன்னரை ‘ஈரானின் ஷா’ என்று சமூக அறிவியல் ஆசிரியர்கள் படித்திருப்பீர்கள். அதே ஷா. மொழியியலாளர்கள் இந்தச் சொல்லுக்குப் பழம் பாரசீகத்தில் வேர் காட்டுகிறார்கள். சமஸ்கிருதத்தின் ‘க்ஷத்ர’, ‘க்ஷத்ரிய’ என்ற சொற்களும் அதற்கு உறவு.

அரபியரோடு இந்த விளையாட்டு ஸ்பெயினுக்கும் ஐரோப்பாவின் பிற பகுதிகளுக்கும் சென்றது. ஷா என்ற குரலும் கூடவே சென்றது. லத்தீனில் அது ‘ஸ்காக்குஸ்’ ஆனது. பழைய பிரெஞ்சில் ‘எஷெக்’ ஆனது. 1066இல் பிரான்சின் நார்மண்டிப் பகுதியிலிருந்து வந்தவர்கள் இங்கிலாந்தை வென்றார்கள். அதன் பிறகு ஆயிரக்கணக்கான பிரெஞ்சுச் சொற்கள் ஆங்கிலத்தில் குடியேறின. அவற்றில் ஒன்று இது. முன்னால் இருந்த ‘எ’ உதிர்ந்து ‘செக்’ ஆனது. பிரெஞ்சில் அதே சொல்லின் பன்மை, விளையாட்டின் பெயர். அது ஆங்கிலத்தில் ‘செஸ்’ ஆனது. ஆக, செஸ் என்ற சொல்லுக்கே ‘அரசர்கள்’ என்றுதான் அடிப்படைப் பொருள்.

ஐரோப்பிய மொழிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். ஜெர்மன் மொழியில் இந்த விளையாட்டு ‘ஷாக்’. ரஷ்ய மொழியில் ‘ஷாக்மத்தி’. இவையெல்லாம் பாரசீக அரசனின் வழி வந்தவை. ஆனால் ஸ்பானிய மொழியின் பெயரும் போர்த்துகீசிய மொழியின் பெயரும் அரபு ‘ஷத்ரஞ்ச்’ வழியாக நம் சதுரங்கத்திலிருந்தே வந்தவை. ஒரே பலகை, அதற்கு ஐரோப்பாவில் இரண்டு பெயர்க் குடும்பங்கள்.

இனி இங்கிலாந்தில் இந்தச் சொல் எப்படிக் கிளைவிட்டது என்று பார்ப்போம். நான்கு கிளைகள்.

முதல் கிளை, தடுத்தல். ‘ஷா’ என்று குரல் வந்துவிட்டால் எதிராளி தன் விருப்பப்படி ஆட முடியாது. எந்தத் திட்டத்தோடு இருந்தாலும் அதை விட்டுவிட்டு அரசனைக் காப்பாற்ற வேண்டும். அவன் ஓட்டம் சட்டென்று நிற்கிறது. எனவே பலகைக்கு வெளியேயும், ஓட்டத்தை நிறுத்தும் எதற்கும் ‘செக்’ என்று பெயர் வந்தது. ஓடும் நீரின் வேகத்தைத் தடுப்பதால் செக் டேம். நம்மவர்கள் அதைத் தமிழாக்கும்போது ‘சோதனை அணை’ என்று எழுதவில்லை. ‘தடுப்பணை’ என்று எழுதினார்கள். மொழிபெயர்த்தவர் பொருளறிந்து செய்திருக்கிறார். கிணற்று மோட்டாரின் குழாய் அடியில் இருக்கும் ஃபுட் வால்வு உங்களுக்குத் தெரியும். ஏறிய நீரைத் திரும்ப இறங்கவிடாமல் தடுக்கும். பொறியியலில் இந்த வகைக்குச் செக் வால்வு என்று பெயர். நாளிதழின் ‘எதிரணிக்குச் செக்’ என்ற தலைப்பும் இந்தக் கிளைதான். அந்தத் தலைப்பை எழுதுகிற செய்தியாளர், தம்மை அறியாமலே பழைய பாரசீக ஆட்டக்காரரின் குரலை எழுப்புகிறார்.

இரண்டாம் கிளை, கட்டம். அரசனின் பெயரிலிருந்து பலகைக்கும் ஒரு பெயர் பிறந்தது: ‘செக்கர்’. பலகையைப் போலக் கட்டம் கட்டமாக இருக்கும் துணியும் செக் ஆனது. நம் சட்டை, கைலி, மேசை விரிப்பு எல்லாம் இதில் அடங்கும். நம் தலைநகரின் பழைய பெயரைத் தாங்கிய ‘மெட்ராஸ் செக்ஸ்’ என்ற பருத்தித் துணி வெளிநாடுகளில் புகழ்பெற்றதும் இந்தச் சொல்லோடுதான். 2022ஆம் ஆண்டு மாமல்லபுரத்தில் 44ஆவது செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது சென்னை நேப்பியர் பாலத்துக்குக் கறுப்பு வெள்ளைக் கட்டங்களாக வண்ணம் தீட்டியது நினைவிருக்கும். அந்தப் பாலத்தையும் ஆங்கிலத்தில் செக்கர் என்ற சொல்லால்தான் வருணிக்க வேண்டும்.

இந்தக் கிளையில் கணக்கு ஆசிரியர்களுக்கு ஒரு பரிசு இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முதலாம் ஹென்றி மன்னர் காலத்தில், இங்கிலாந்தில் அரசு வருவாய்க் கணக்கு பார்க்க ஓர் அமைப்பு உருவானது. அதிகாரிகள் ஒரு பெரிய மேசையைச் சுற்றி உட்காருவார்கள். அதன்மேல் கோடுகள் இட்ட கறுப்புத் துணியை விரிப்பார்கள். செஸ் பலகையைப் போல இருந்ததால் அதற்கு ‘எக்ஸ்செக்கர்’ என்று பெயர். 1170களில் அங்கே கருவூலத் தலைவராக இருந்த ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் இதைப் பற்றி ஒரு நூலே எழுதியிருக்கிறார். மேசை பத்தடி நீளம், ஐந்தடி அகலம் என்று அளவும் கொடுக்கிறார்.

துணி எதற்கு? அன்று அவர்களிடம் இருந்தது ரோமானிய எண். அதை வைத்துக்கொண்டு கழித்தல் போட்டுப் பாருங்கள், தெரியும் கஷ்டம். ஆகவே துணியில் நெடுக்குக் கட்டங்கள்: பென்னி ஒரு கட்டம், ஷில்லிங் அடுத்த கட்டம், பவுண்டு அதற்கடுத்தது, பிறகு இருபது, நூறு, ஆயிரம் பவுண்டுகள். மேல் வரிசையில் மாவட்ட அதிகாரி கட்ட வேண்டிய தொகைக்குக் காய்களை வைப்பார்கள். கீழ் வரிசையில் அவர் கட்டியதற்குக் காய்களை வைப்பார்கள். மேலும் கீழும் ஒப்பிட்டுக் காய்களை எடுத்தால் பாக்கி என்ன என்று எல்லோருக்கும் கண்ணெதிரே தெரியும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் ஏமாற்ற முடியாது, ஏமாறவும் முடியாது. கருவூல அதிகாரியும் மாவட்ட அதிகாரியும் இந்தத் துணியின் இரு பக்கமும் அமர்ந்து சதுரங்கம் ஆடுவதைப் போல மோதுகிறார்கள் என்று ஃபிட்ஸ்நீல் வேடிக்கையாகவே ஒப்பிடுகிறார். இன்றைக்கும் இங்கிலாந்தின் நிதியமைச்சருக்கு ‘சான்சலர் ஆஃப் தி எக்ஸ்செக்கர்’ என்றுதான் பெயர். துணி போய்ப் பல நூற்றாண்டுகள் ஆகின்றன. பெயரில் மட்டும் கட்டம் இருக்கிறது.

மூன்றாம் கிளை, சரிபார்த்தல். தடுப்பது எப்படிச் சரிபார்ப்பதாக மாறியது? பொய்க் கணக்கைத் தடுக்க வேண்டும் என்றால் இரண்டு சான்றுகளை ஒப்பிட வேண்டும். எக்ஸ்செக்கரில் பணம் கட்டியவருக்கு ரசீதாக ஒரு குச்சி கொடுப்பார்கள். தொகைக்கு ஏற்ப அதில் வெட்டுத் தடங்கள் இருக்கும். குச்சியை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து ஒரு பாதியைக் கட்டியவரும் மறு பாதியை அரசும் வைத்துக்கொள்ளும். பிறகு இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் தடங்கள் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். ஒருவர் தம் பாதியில் ஒரு தடம் கூடுதலாக வெட்டினால் உடனே மாட்டிக்கொள்வார். இந்தக் குச்சிகளுக்கு ஒரு சோகமான முடிவும் உண்டு. வழக்கொழிந்த பிறகு அவற்றை 1834 அக்டோபர் 16 அன்று லண்டன் பாராளுமன்றக் கட்டடத்தின் அடுப்புகளில் போட்டு எரித்தார்கள். தீ கட்டுக்கடங்காமல் போய்ப் பாராளுமன்றத்தின் பெரும்பகுதியே எரிந்துபோனது.

இப்படி, தவறைத் தடுப்பதற்காக ஒப்பிட்டுப் பார்ப்பது என்ற வழியில், 17ஆம் நூற்றாண்டில் செக் என்ற சொல்லுக்குச் ‘சரிபார்’ என்ற பொருள் நிலைபெற்றது. நாம் இன்று அதிகம் புழங்குவது இதைத்தான். டயரில் காற்று, மருத்துவமனையில் செக்கப், விமான நிலையத்தில் செக்-இன் எல்லாம் இதன் பிள்ளைகள். செக்போஸ்ட் மட்டும் இரண்டு கிளையிலும் கால் வைத்திருக்கிறது. அங்கே வண்டியை நிறுத்தவும் செய்கிறார்கள், சோதிக்கவும் செய்கிறார்கள்.

நான்காம் கிளை, காசோலை. 18ஆம் நூற்றாண்டில் பண ஆவணங்களில் மோசடியைத் தடுக்க ஒரு வழி செய்தார்கள். தாளைக் கிழித்துக் கொடுத்தபின் புத்தகத்தில் ஒரு துண்டு மிஞ்சும். இரண்டையும் பொருத்திப் பார்க்கலாம். மோசடிக்குத் தடையாக இருந்ததால் அந்தத் துண்டுக்குத்தான் முதலில் செக் என்று பெயர். நாளடைவில் கிழித்துக் கொடுக்கும் தாளுக்கே அந்தப் பெயர் ஆகிவிட்டது. மிஞ்சும் துண்டை நம் அலுவலகத் தமிழில் என்ன சொல்கிறோம்? அடிக்கட்டை. பிளந்த குச்சியின் கதையைக் கேட்டபின் அந்தச் சொல்லை இன்னொரு முறை சொல்லிப் பாருங்கள்.

எழுத்துக்கூட்டலிலும் இந்தக் கதை தெரிகிறது. பிரிட்டிஷ் வழக்கில் காசோலைக்கு மட்டும் ‘க்யூ’ எழுத்துப் போட்டு எழுதுகிறார்கள். அது எக்ஸ்செக்கர் என்ற சொல்லின் சாயல். அமெரிக்கர்கள் அதையும் மற்ற செக்கைப் போலவே எழுதுகிறார்கள். பிள்ளைகள் ‘ஏன் டீச்சர் ரெண்டு ஸ்பெல்லிங்?’ என்று கேட்டால் ‘அது அப்படித்தான்’ என்று சொல்ல வேண்டியதில்லை. பதில் இருக்கிறது. இன்னொன்று: நாம் சரியான விடைக்குப் போடும் ‘டிக்’ குறிக்கு அமெரிக்காவில் ‘செக் மார்க்’ என்று பெயர்.

இப்போது அந்த ஏழாம் வகுப்பு மாணவியின் கேள்விக்கு வருவோம். செக்போஸ்ட்டுக்கும் வங்கிச் செக்குக்கும் தொடர்பு உண்டா? உண்டு. இரண்டுமே தவறைத் தடுக்கும் ஏற்பாடுகள். அவள் வழி சரி. இடையில் இருக்கும் படிகள் மட்டும் அவளுக்குத் தெரியாது. அந்தப் படிகளைக் காட்டுவதுதான் நம் வேலை.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ஒலி ஒத்திருந்தால் உறவு என்று முடிவு கட்டிவிடக் கூடாது. நம் ஊரில் எண்ணெய் ஆட்டுவது செக்கு. வ.உ.சிதம்பரனார் கோவைச் சிறையில் இழுத்தது அந்தச் செக்கு. அதற்கும் இந்தச் செக்குக்கும் எந்த உறவும் இல்லை. ஐரோப்பாவில் செக் குடியரசு என்று ஒரு நாடு இருக்கிறது. அதற்கும் உறவு இல்லை; அது அந்த மக்களின் பெயர். தமிழ் எழுத்தில் ஒன்றுபோலத் தெரிகிறது, அவ்வளவுதான். சொல்லாராய்ச்சி சுவையானது, சுவையாக இருப்பதாலேயே வழுக்கிவிடக் கூடியது. ஒலி ஒற்றுமையைக் கண்டதும் ‘இது எங்கள் சொல்’ என்று மேடையில் சொன்னால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு நாம் கற்றுக்கொடுப்பது சான்று கேட்கும் பழக்கத்தை. முதலில் நாம் அதைக் கடைப்பிடிக்க வேண்டும்.

இதற்குச் ‘செக்மேட்’ என்ற சொல்லே நல்ல எடுத்துக்காட்டு. ‘ஷா மாத்’ என்பதிலிருந்து வந்தது. அரபு மொழியில் ‘மாத்த’ என்றால் இறந்தான். ஆகவே ‘அரசன் இறந்தான்’ என்ற விளக்கம் உலகம் முழுவதும் பரவிவிட்டது. ஆனால் பாரசீகத்தில் ‘மாத்’ என்பது செய்வதறியாது திகைத்து நிற்கும் நிலை. ஆட்டத்தின் விதியையும் பாருங்கள். செஸ் ஆட்டத்தில் அரசனை யாரும் வெட்டுவதே இல்லை. அவனுக்குப் போக வழியில்லை என்றதும் ஆட்டம் முடிந்துவிடுகிறது. பாரசீக விளக்கமே ஆட்டத்தோடு பொருந்துகிறது. இப்படி இரண்டு விளக்கங்களையும் முன்வைத்து ‘எது பொருந்தும், ஏன்?’ என்று கேட்டால் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அழகாக வாதாடுவார்கள்.

நாளை வகுப்பில் இதை எப்படிச் செய்வது? மூன்று எளிய செயல்கள் சொல்கிறேன். எதற்கும் செலவு கிடையாது.

ஒன்று, சொல் வேட்டை. ‘வீட்டிலும் தெருவிலும் செக் என்ற சொல்லை எங்கெல்லாம் கேட்டீர்கள்?’ என்று ஒரு நாள் அவகாசம் கொடுங்கள். மறுநாள் பட்டியலைக் கரும்பலகையில் எழுதி, தடு, கட்டம், சரிபார், காசோலை என்ற நான்கு வீடுகளில் எந்தச் சொல் எந்த வீட்டுக்குப் போகும் என்று பிள்ளைகளையே பிரிக்கச் சொல்லுங்கள். எந்த வீட்டிலும் சேராத சொல் ஒன்று வந்தால் அன்று வகுப்புக்குத் திருவிழா.

இரண்டு, தமிழாக்கம். ஆங்கிலத்தில் ஒரே செக். தமிழில் தடுப்பணை, சோதனைச் சாவடி, காசோலை, சரிபார்த்தல், கட்டம் என்று ஒவ்வோர் இடத்துக்கும் வேறு சொல். ஏன் அப்படி என்று கேளுங்கள். மொழிபெயர்ப்பு என்பது சொல்லுக்குச் சொல் மாற்றுவது அல்ல, பொருளைப் பார்த்து மாற்றுவது என்பதைத் தனியாக விளக்கத் தேவையிருக்காது. தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் சேர்ந்து எடுக்கக்கூடிய பாடவேளை இது.

மூன்று, எக்ஸ்செக்கர் விளையாட்டு. தரையில் சுண்ணக்கட்டியால் ஒன்று, பத்து, நூறு, ஆயிரம் என்று நான்கு நெடுக்குக் கட்டங்கள் போடுங்கள். மேலே ஒரு வரிசை, கீழே ஒரு வரிசை. ஒரு பிள்ளை கருவூல அதிகாரி, ஒரு பிள்ளை வரி கட்ட வந்தவர். காய்களுக்குப் புளியங்கொட்டை போதும். மேலே கட்ட வேண்டியது, கீழே கட்டியது, பாக்கி எவ்வளவு? பத்துக் கட்டத்தில் ஒரு கொட்டையை எடுத்து ஒன்றின் கட்டத்தில் பத்துக் கொட்டைகளாக மாற்றும்போது, ‘கடன் வாங்கிக் கழித்தல்’ என்று நாம் தொண்டை வறளச் சொல்வது அவர்கள் கையில் நடந்துவிடும்.

ஒரு சொல்லுக்கு இத்தனை நேரமா, பாடத்திட்டத்தை எப்போது முடிப்பது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எல்லாச் சொல்லுக்கும் இப்படிச் செய்ய முடியாது, செய்யவும் தேவையில்லை. ஒரு பருவத்துக்கு ஒரு சொல் போதும். ஒரு சொல்லின் கதை தெரிந்த பிள்ளை அடுத்த சொல்லைப் பார்க்கும்போது ‘இதற்கும் ஒரு கதை இருக்கும்’ என்று நினைக்கும். அந்த நினைப்பு வந்துவிட்டால் அகராதியைத் தானே புரட்டும். நாம் ஐம்பது சொற்களை எழுதிப்போட்டும் வராத பழக்கம் அது.

முடிப்பதற்கு முன் நம் அன்றாட வேலையைப் பற்றி ஒரு வார்த்தை. நாம் நோட்டுகளைச் செக் செய்கிறோம். எந்தப் பொருளில் செய்கிறோம்? தடுக்கிறோமா, சரிபார்க்கிறோமா?

ஒரு பிள்ளை, ‘போனேன்’ என்பதை ஆங்கிலத்தில் எழுத, ‘கோ’ என்ற சொல்லோடு ‘ஈடி’ சேர்த்து ‘கோட்’ என்று எழுதியிருக்கிறது. சிவப்பு மையில் பெரிதாக அடித்துவிடலாம். அது தடுத்தல். ஒரு நொடி நின்று பார்த்தால், இறந்தகாலத்துக்கு ‘ஈடி’ சேர்க்க வேண்டும் என்ற விதி அந்தப் பிள்ளைக்குப் பிடிபட்டுவிட்டது என்று தெரியும். விதிக்கு அடங்காத ஒரு சொல்தான் இன்னும் தெரியவில்லை. இது சரிபார்த்தல். முதல் வகைக்கு ஆளான பிள்ளை அடுத்த முறை தப்பில்லாமல் எழுதுவதில்லை, குறைவாக எழுதுகிறது. அதைவிட ஆபத்து, எழுதவே மாட்டேன் என்று பக்கத்து நோட்டைப் பார்க்கத் தொடங்குகிறது. முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வரும் பிள்ளைகள் நம் வகுப்பில் எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரியும். அவர்கள் நோட்டில் நாம் போடும் கோட்டை வீட்டில் எடுத்துச் சொல்லி ஆற்றுவதற்கு ஆள் கிடையாது.

தமிழில் நாம் இந்த வேலைக்கு வைத்திருக்கும் சொல் ‘திருத்துதல்’. காட்டைத் திருத்தி வயலாக்குவது என்கிறோமே, அதே திருத்துதல். திருத்திய நிலத்தில் அடுத்து ஏதாவது விளைய வேண்டும். சிவப்பு மை பட்ட பக்கத்தின் அடுத்த பக்கத்தில் பிள்ளை இன்னும் நான்கு வரி கூடுதலாக எழுதுகிறதா என்று பார்த்தால் நம் திருத்தம் எப்படிப்பட்டது என்று நமக்கே தெரிந்துவிடும்.

சதுரங்கத்தில் செக் என்பது ஆட்டத்தின் முடிவு அல்ல. ‘பார்த்துக்கொள்’ என்ற எச்சரிக்கை. அந்தக் குரல் வந்தபின் அரசனைக் காக்க மூன்று வழிகளைத் தேடலாம். அரசனை நகர்த்தலாம். நடுவில் இன்னொரு காயை வைத்து மறைக்கலாம். தாக்கும் காயையே வெட்டலாம். வழி இருக்கும்வரை ஆட்டம் தொடரும். வழியே இல்லை என்றால்தான் அது செக்மேட்.

நாம் பிள்ளையின் நோட்டில் ஒரு தவறைச் சுட்டும்போது, அதிலிருந்து வெளியே வர ஒரு வழியையாவது பக்கத்தில் குறித்துவைப்போம். ஒரு சிறு கேள்வி, ஒரு குறிப்பு, ‘இந்த வரி நன்றாக இருக்கிறது’ என்று ஒரு சொல். நம் பேனா செக் சொல்லட்டும். செக்மேட் சொல்ல அதற்கு உரிமை வேண்டாம்.